மொத்த மார்க்கா, மோசமான மார்க்கா? ஜிம்னாஸ்டிக்ஸில் லெவல் ஏற்றும் இரண்டு வழிகள்

பெங்களூரில் எங்கள் பெண்ணுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பு தேடியபோது கடைசியில் இரண்டு ஜிம்கள்தான் மிஞ்சின. கட்டணம், இடவசதி, கோச் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான், சில்க் போர்டு சிக்னலில் நிற்பதும் இரண்டுக்கும் உண்டு. பிள்ளையை அடுத்த லெவலுக்கு எப்போது ஏற்றுகிறார்கள் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

இரண்டிலுமே அமெரிக்க முறையை ஒட்டித்தான் சொல்லித்தருகிறார்கள். அங்கே 1 முதல் 10 வரை லெவல். 5 வரை எல்லோருக்கும் ஒரே ரொட்டீன் (வரிசையாகச் செய்துகாட்டும் அசைவுகள்), 6-இலிருந்து அவரவர் ரொட்டீன்.

முதல் ஜிம் மொத்தத்தைப் பார்க்கிறது. வால்ட் (ஓடிவந்து மேசையைத் தாண்டுவது), பார் (கம்பி), பீம் (ஒடுங்கிய கட்டை), ஃப்ளோர் (தரை) நான்குக்கும் தலா 10, சேர்த்து 40; உள்போட்டியில் 32 வந்தால் அடுத்த லெவல். தோழிகளோடு சேர்ந்தே மேலே போகலாம், பிள்ளைக்கும் உற்சாகம், சரி. லெவல் ஏறினால் மாதக் கட்டணமும் ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நாங்கள் சேர்த்த இரண்டாவது ஜிம்மில் நான்கில் எது மோசமோ அதை வைத்துத்தான் முடிவு. இதை நான் பெரிதாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஃப்ளோரிலும் வால்ட்டிலும் 9.2, பீமில் 8.4 வாங்குகிற குழந்தை பாரில் வெறும் 5.5 வாங்கினாலும் 32-ஐத் தாண்டிவிடும், ஆனால் அந்த 5.5 அவள் கூடவே மேலே போகும். பாரில் பெரும்பாலும் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது கிப்பில்தான்: தொங்கியபடி முன்னால் வீசிப் போய், கால்விரலைக் கம்பிக்குக் கொண்டுவந்து, கை மடங்காமல் கம்பிக்கு மேலே வந்து, கையை ஊன்றி உடம்பைத் தாங்க வேண்டும். அதிலிருந்து காஸ்ட், அதாவது கம்பியை ஊன்றியபடி உடம்பைப் பின்னால் மேலே தூக்குவது; காஸ்ட்டிலிருந்து ஹேண்ட்ஸ்டேண்ட், கம்பிமேல் தலைகீழாகக் கையில் நிற்பது. முழங்கையை மடக்கி எப்படியோ இழுத்துப் பிடித்து ஏறுகிற பிள்ளைக்குக் காஸ்ட் உயராது, அது உயராவிட்டால் மேல் லெவலில் எதுவும் ஒழுங்காக வராது. எங்கள் பெண்ணும் அங்கேதான் நின்றாள், உள்ளங்கையில் தோல் உரிந்து சாக் பவுடர் அப்பிக்கொண்டு, கூடச் சேர்ந்தவர்கள் மேலே போவதைப் பார்த்துக்கொண்டு. வீட்டில் அழுகை, முறைப்பு எல்லாம் இருந்தது. ஆனால் கை மடங்காமல் வர ஆரம்பித்த பிறகு காஸ்ட்டும் கூடவே வந்தது.

இதற்கு எதிராக ஒன்று சொல்லலாம், நியாயமானதுதான். இங்கே பள்ளிப் போட்டிகளில் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று வயதை வைத்துத்தான் பிரிக்கிறார்கள், ஜிம்மில் எந்த லெவல் என்று யாரும் கேட்கப்போவதில்லை. பன்னிரண்டு வயதில் புதிதாக ஆரம்பிக்கிற பிள்ளைக்குக் காத்திருக்க நேரம் இல்லை, அவளுக்கு முதல் ஜிம்தான் சரிப்படும் என்று தோன்றுகிறது. பையன்களுக்கு நான்கல்ல, ஆறு கருவி. அந்தப் பக்கம் எங்களுக்கு அனுபவம் கிடையாது.

டிரையல் வகுப்புக்குப் போனால் கோச்சிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: மற்ற மூன்றும் நன்றாக இருந்து பார் மட்டும் வராவிட்டால் ஏற்றுவீர்களா, நிறுத்துவீர்களா? “பார்த்துக்கலாம் மேடம்” என்றால் அது முதல் வகை.