பழைய புல்லட்டும் சைடுகாரும்: அன்றாடம் சுமை ஏற்றுபவனின் மதிப்பீடு

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கற்களை எடுத்துக்கொண்டு கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் என்று வீடு வீடாகப் போவது என் தொழில். கண்ணாடித் தகட்டின்மேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் இந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. ஓரம் எங்காவது தட்டினால் சில்லு தெறித்துவிடும். மினி லாரி வைக்கும் அளவுக்கு எல்லா நாளும் சரக்கு இருக்காது. மாதிரிக் கற்கள், பழைய தரையில் உடைந்த இடத்துக்கு மாற்றுக் கற்கள், கூடவே அரை மூட்டை சிமெண்ட், அவ்வளவுதான். பைக்கின் பின்னால் கட்டினால் ஒவ்வொரு வளைவிலும் வண்டி சாய, கல்லோடு கல் உரசும். பைக்கின் பக்கவாட்டில் ஒற்றைச் சக்கரத்தோடு மாட்டும் சைடுகார் சாயாது. அதற்காகவே 1984ஆம் ஆண்டில் தயாரான புல்லட் 350 ஒன்றை வாங்கி, இடப்பக்கம் சைடுகார் மாட்டினேன்.

பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்பது, நம்பி ஓட்டலாமா என்பதைத்தான். ஓட்டலாம். இந்த எஞ்சின் முன்னறிவிப்பு இல்லாமல் கைவிடுவது மிக அரிது. சத்தம் மாறும், கிக்கர் கனக்கும், மின்னோட்டம் காட்டும் அம்மீட்டரின் முள் தடுமாறும். இவற்றைக் கவனிக்கும் பொறுமை உள்ளவருக்கு இது உழைக்கும் வண்டி. சாவியைத் திருப்பிவிட்டு வேறு நினைப்பில் போக விரும்புபவர் புது வண்டி வாங்குவதே நல்லது.

முதலில் எஞ்சின். 70 மி.மீ. விட்டம், 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்), 346 சி.சி. சிலிண்டர் நீளமாக இருப்பதாலும் உள்ளே சுழலும் ஃபிளைவீல் சக்கரம் கனமாக இருப்பதாலும், குறைந்த வேகத்திலேயே இழுவை கிடைக்கிறது. சுமையோடு செம்மண் பாதையில் மூன்றாவது கியரில் ஊர்ந்தாலும் திணறுவதில்லை. சைடுகாருக்கு வேண்டியது இந்தக் குணம்தான். இங்கிலாந்தில் ரெட்டிச் ஆலையில் உருவான இந்த எஞ்சினைத் தயாரிக்க 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கியது. தாய் ஆலை மூடிய பிறகும் திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமின்றி வார்த்துக்கொண்டே இருந்தார்கள். அதன் பலனை நான் இன்று அனுபவிக்கிறேன்: தீப்பொறிக்கு வேண்டிய பாயிண்ட், கண்டென்சர், இன்னும் கிளட்ச் கேபிள் எதற்கும் அலைய வேண்டியதில்லை.

கிக்கரை ஆத்திரத்தோடு உதைப்பவருக்கு இந்த வண்டி கிளம்பாது. சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல அழுத்தி, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் இடத்தில் நிறுத்த வேண்டும். சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து இன்னும் சற்றே இறக்கி, லீவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழுதாக ஓர் உதை. தீப்பொறி விழும் நேரம், அதாவது டைமிங், சரியாக இருந்தால் அதிலேயே பிடித்துக்கொள்ளும். டைமிங் முந்தியிருந்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் வீங்கிவிடும். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

வலது காலில் கியர், இடது காலில் பிரேக். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும், மற்றவை கீழே. நியூட்ரலுக்கென்று தனி லீவர் உண்டு. முதல் கியரைத் தவிர எதில் இருந்தாலும் குதிகாலால் அழுத்தினால் நியூட்ரலுக்கு வந்துவிடும். காரைக்குடி பெரியார் சிலை சந்திப்பின் நெரிசலில் இந்த லீவரின் அருமை தெரியும்.

எண்ணெய் கசிவதை எல்லோரும் பழிக்கிறார்கள். பாதிக் கசிவு மனிதர்களால் வருவது. எஞ்சினிலிருந்து கிளட்சுக்குப் போகும் பிரைமரி செயினின் மூடியை நடுவில் ஒரே ஒரு நட்டுதான் பிடித்திருக்கிறது. கசிகிறதே என்று அதை மேலும் முறுக்கினால் மூடி வளைந்து இன்னும் கசியும். மீதிப் பாதிக்கு, எஞ்சினுக்குள் இருக்கும் காற்றை வெளியே விடும் பிரீதர் ரப்பரைப் பாருங்கள். அது இறுகிப்போனால் உள்ளே காற்றழுத்தம் ஏறி, இண்டு இடுக்கெல்லாம் எண்ணெயைத் தள்ளும். சிறிய ரப்பர் துண்டுதான், மாற்றிவிடுங்கள். வால்வு இடைவெளிக்கான டேப்பட்டைப் பார்க்கும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். வால்வை இயக்கும் கம்பியான புஷ் ராட் விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது.

சித்திரை வெயிலில் ஒருமுறை திருமயம் தாண்டியதும் எஞ்சின் இருமத் தொடங்கி நின்றது. நிழலில் நிறுத்தி ஆறவிட்டதும் மறுபடி ஓடியது. சூடானால் நின்று, ஆறினால் ஓடினால் கண்டென்சரைச் சந்தேகிக்கலாம். கருவிப் பையில் ஒன்று எப்போதும் இருக்கட்டும். இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கிறது, ஈரத்தையும் இழுத்துக்கொள்கிறது. பல நாள் ஓட்டாமல் வைப்பதென்றால் கார்புரேட்டரைக் காலிசெய்துவிடுங்கள்.

சைடுகார் வேறு கதை. அதன் நல்லது கெட்டது முழுக்க மாட்டுபவரின் கையில் இருக்கிறது. வெளியூர்ப் பட்டறை ஒன்றில் கண்ணளவிலேயே மாட்டி அனுப்பினார்கள். வண்டி ஓயாமல் இடப்பக்கம் இழுத்தது, பின்டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்தது. கடைசியில் எங்கள் ஊர்க் கொத்தனார் ஒருவரும் லேத் பட்டறைக்காரரும் உட்கார்ந்து சரிசெய்தார்கள். இரு பக்கமும் நேர்ப்பலகை வைத்து, நூல் பிடித்து, சைடுகார் சக்கரம் முன்பக்கம் லேசாக உள்வாங்கும்படி திருப்பினார்கள். ரசமட்டம் வைத்து, பைக் சைடுகாருக்கு எதிர்ப்பக்கம் இம்மியளவு சாய்ந்து நிற்கும்படி அமைத்தார்கள். சைடுகார் அச்சு பின்சக்கர அச்சுக்குச் சற்று முன்னே இருக்க வேண்டும் என்பதையும் பார்த்தார்கள். அன்றிலிருந்து கைக்கு வலி இல்லை. அவர்கள் கேட்ட கூலியைவிடக் கூடுதலாகவே கொடுத்தேன், அந்த வேலைக்குத் தகும்.

ஆக்சிலரேட்டர் முறுக்கினால் வண்டி இடப்பக்கம் இழுக்கும். சைடுகார் சக்கரத்துக்கு பிரேக் இல்லாததால், பிரேக் பிடித்தால் வலப்பக்கம் இழுக்கும். உடம்பைச் சாய்த்து வளைக்கும் பழக்கம் இதில் செல்லாது. ஹேண்டிலைத் திருப்பியே ஆக வேண்டும். ஆபத்து இடப்பக்க வளைவில் இருக்கிறது: காலி சைடுகாரின் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். அதனால் வீடு திரும்பும்போதும் சில கற்களை இறக்காமல் வைத்திருப்பேன். புதிதாகப் பழகுபவர் வற்றிய கண்மாய்ப் பொட்டலில் சில நாள் சுற்றிவிட்டு ரோட்டுக்கு வரட்டும்.

சுமையோடு 50 கிலோமீட்டர் வேகம் போதும். திருச்சி – இராமேசுவரம் நெடுஞ்சாலையில் பஸ்களோடு போட்டி போட இது பிறக்கவில்லை. நெடுநேரம் விரட்டினால் கனெக்டிங் ராடின் கீழ்முனையில் இருக்கும் பிக் எண்ட் புஷ் போய்விடும், அது பெரிய செலவு. செயின் ஓடும் முன் பற்சக்கரத்தை (ஸ்பிராக்கெட்) பல் குறைந்ததாக மாற்றியபின் ஏற்றங்கள் எளிதாயின. மைலேஜ் லிட்டருக்கு 25 கிலோமீட்டர் சுற்றி. 6 வோல்ட் விளக்கு இரவுக்குப் போதாது, இருட்டுமுன் வீடு சேர்ந்துவிடுகிறேன்.

பள்ளத்தூரில் ஓர் ஆச்சி வீட்டின் உள்முற்றம் சூழ்ந்த வளவுக்குப் பழைய பூ வேலைப்பாட்டிலேயே கல் கொண்டுபோனேன். ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் மூளி இல்லையே தம்பி" என்றார்கள். எனக்கு வேறு சான்று வேண்டாம்.

வாங்கும்போது எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். சைடுகார் மாட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் வரும் மாற்றம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற்று ஆர்.சி.யில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு இல்லாத வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.