உணவுக்குழாய் அழற்சி: எண்டோஸ்கோபியா, பேரியம் எக்ஸ்ரேயா?

விழுங்கும்போது வலி, நெஞ்சில் உணவு சிக்குகிறது என்று போனால் இந்த இரண்டு பெயர்களும் அடிபடும். எண்டோஸ்கோபி என்றால் கேமரா வைத்த மெல்லிய குழாயை வாய் வழியாக விட்டுப் பார்ப்பது. அந்தக் குழாய்க்குப் பயந்தே பலர் பேரியத்தைக் கேட்கிறார்கள். அந்தப் பயம் புரிகிறது, ஆனால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

சிரமம்
பேரியம்: பேரியம் கலந்த வெள்ளைத் திரவத்தைக் குடித்தால் போதும், அது இறங்குவதை எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள்; மயக்க மருந்து வேண்டாம். அப்புறம் மலச்சிக்கல் வரலாம். கதிர்வீச்சு உண்டு, கர்ப்பிணிகள் முன்பே சொல்லிவிட வேண்டும்.
எண்டோஸ்கோபி: வெறும் வயிற்றோடு போக வேண்டும். தூக்க ஊசி போட்டால் அன்று வண்டி ஓட்டக்கூடாது.

என்ன தெரியும்?
பேரியம்: குறுகல், வளையங்கள், விழுங்கும் அசைவு. லேசான அழற்சி தப்பிவிடும்.
எண்டோஸ்கோபி: புண்ணை நேரிலேயே பார்க்கலாம்.

காரணம்
பேரியம்: பெரும்பாலும் ஊகம்தான்.
எண்டோஸ்கோபி: இங்கேதான் பெரிய வித்தியாசம். அமில எதுக்களிப்பா, கேண்டிடா பூஞ்சையா, ஹெர்பிஸ் வைரஸா, டாக்ஸிசைக்ளின் போன்ற மாத்திரை ஒட்டி வந்த புண்ணா என்று பிரித்தறிய வழி உண்டு. ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. இயோசினோபில் என்ற ஒருவகை வெள்ளை அணுக்கள் சேர்வதால் வரும் அழற்சியில் உணவுக்குழாய் பார்வைக்குச் சாதாரணமாகவே இருக்கலாம். பல இடங்களில் திசு எடுத்து, நுண்ணோக்கியின் ஒரு பார்வைப் புலத்தில் 15 அல்லது அதற்கு மேல் இயோசினோபில் அணுக்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அதனால் "திசு எடுப்பீர்களா?" என்று முன்பே கேளுங்கள்.

காரணம் தெரிய வேண்டுமா, எடை குறைகிறதா, ரத்தம் கசிகிறதா? எண்டோஸ்கோபிதான். விழுங்கும் அசைவில் சந்தேகம், குறுகலின் நீளம் தெரிய வேண்டும், மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் முதலில் பேரியம் சரி.