விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸ் மின்ட் 22

விண்டோஸை நீக்காமல் அதே கணினியில் லினக்ஸையும் வைத்துக்கொள்ள விரும்புவோருக்கு, 2024இல் வெளிவந்து 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகளைப் பெறவிருக்கும் லினக்ஸ் மின்ட் 22 நல்ல தேர்வு. பென்டிரைவிலிருந்தே இயக்கி, வைஃபையும் ஒலியும் வேலை செய்கின்றனவா என்று பார்த்த பிறகு நிறுவலாம் என்பதே இதன் பெரிய வசதி. வட்டைப் பிரிக்கும் பணியை இதன் நிறுவியே செய்ய முன்வந்தாலும், விண்டோஸின் வட்டு மேலாண்மைக் கருவியில் இடத்தைச் சுருக்கி ஒதுக்குவதையே பரிந்துரைப்பேன். 20 ஜிபி போதும் என்கிறார்கள், 100 ஜிபி இருந்தால்தான் நிம்மதி. வட்டை மறையாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவியைக் குறித்து வைக்காமலும், விண்டோஸை வேகமாகத் தொடங்கவைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணைக்காமலும் இதில் இறங்கக் கூடாது. அவ்வசதி வட்டை முழுமையாக விடுவிக்காததால், லினக்ஸிலிருந்து விண்டோஸ் பகுதியில் எதையும் எழுத முடியாமல் போகலாம். கணினி தொடங்கும்போது விண்டோஸா லினக்ஸா என்று தேர்ந்தெடுக்கத் தோன்றும் கிரப் பட்டியல் அழகானதல்ல, ஆனால் தெளிவானது. கணினியின் கடிகாரத்தை விண்டோஸும் லினக்ஸும் வெவ்வேறு விதமாகப் படிப்பதால் இந்தியாவில் விண்டோஸின் நேரம் ஐந்தரை மணி பிசகலாம். லினக்ஸில் ஒரே கட்டளையால் அதைச் சரிசெய்துவிடலாம்.