தேய்ந்த விமான வயர்: பார்ப்பதா அளப்பதா, ஒட்டுப் போடுவதா மாற்றுவதா?

1998 மே 10 அன்று அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ. ஓர் அவசர உத்தரவு போட்டது. 50,000 மணி நேரத்துக்கு மேல் பறந்த போயிங் 737-100, 737-200 விமானங்கள், இறக்கைக்குள் ஓடும் ஒரு வயரைச் சோதித்த பிறகே மறுபடி தரையை விட்டுக் கிளம்பலாம். எரிபொருள் தொட்டியில் இருந்து எரிபொருளை எஞ்சினுக்குத் தள்ளும் பூஸ்ட் பம்புக்கு 115 வோல்ட் கொண்டுபோகும் வயர் அது. தொட்டிக்குள்ளேயே செல்லும் ஓர் அலுமினியக் குழாய்க்குள் அதை நுழைத்திருப்பார்கள். குழாய்க்கு உள்ளே மின்சாரம், வெளியே எரிபொருள். ஆண்டுக்கணக்கான அதிர்வில் வயர் குழாய்ச் சுவரில் உரசி உரசி உறை தேய்ந்துபோனால், இரண்டுக்கும் நடுவில் மிஞ்சுவது மெல்லிய அலுமினியத் தகடு ஒன்றுதான். வயர்களை உருவிப் பார்த்தபோது சில விமானங்களில் செம்பு தெரியும் அளவுக்கு உறை போயிருந்தது.

குழாயை வெளியிலிருந்து எத்தனை முறை டார்ச் அடித்துப் பார்த்தாலும் இது தெரிந்திருக்காது. உருவினால்தான் தெரியும். அப்படியானால் எல்லா வயரையும் உருவிப் பார்த்துவிடலாமே என்று தோன்றும். ஒரு போயிங் 747-400 விமானத்தில் மட்டும் சுமார் 274 கிலோமீட்டர் வயர் இருக்கிறது. அத்தனையையும் உருவ முடியாது என்பது ஒரு பக்கம். உருவுவதே வயரைக் கெடுக்கும் என்பது இன்னொரு பக்கம். அதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

வயரை எவ்வளவு குறைவாகத் தொந்தரவு செய்து எவ்வளவு அதிகமாகத் தெரிந்துகொள்ள முடிகிறது? சோதிக்கும் வழிகளையும் பழுது பார்க்கும் வழிகளையும் நான் இந்த ஒரே அளவுகோலால்தான் பார்க்கிறேன்.

கண்

மிகப் பழைய கருவி கண்தான். டார்ச், சிறு கண்ணாடி, எட்டாத இடத்துக்கு போரோஸ்கோப் எனப்படும் மெல்லிய குழாய்க் கேமரா. இதிலும் இரண்டு விதம் உண்டு. ஒரு பகுதியின் பலகையைத் திறந்து, கை எட்டும் தூரத்தில் நின்று பொதுவாக ஒரு பார்வை பார்ப்பது முதல் விதம். பல வயர்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு குறிப்பிட்ட கட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, தூசியைத் துடைத்து, வெளிச்சம் போட்டு, அதைப் பிடித்து நிறுத்தும் கிளாம்புகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பது இரண்டாவது.

கண்ணின் பலம், பழுதோடு அதன் காரணத்தையும் பிடித்துவிடுவது. கிளாம்பின் ரப்பர் கிழிந்து உலோக விளிம்பு வயரில் பதிந்திருப்பது, கழிவறைக்கு அடியில் நீலத் திரவம் கசிந்து கனெக்டரில் இறங்கியிருப்பது, யாரோ துளை போட்டபோது சிதறிய உலோகத் தூள் கட்டுக்குள் புகுந்திருப்பது, தரைக்கு அடியில் கம்பளப் பஞ்சு மெத்தை போல மண்டியிருப்பது. எந்த மீட்டரும் இவற்றைச் சொல்லாது. உலோகத் தூள் இன்றைக்குக் குற்றமில்லாததுபோல உட்கார்ந்திருக்கும். ஆயிரம் மணி நேர அதிர்வுக்குப் பிறகு அது ரம்பம் ஆகிவிடும்.

அதன் பலவீனமும் தெளிவானது. கட்டின் வெளிவட்டத்தில் இருக்கும் வயர்தான் கண்ணில் படும். நடுவில் இருக்கும் நாற்பது வயரும் கிளாம்புக்கு அடியில் மறைந்த இரண்டு சென்டிமீட்டரும் படாது. உரசல் பெரும்பாலும் அந்த இரண்டு சென்டிமீட்டரில்தான் நடக்கும்.

1999-இல் எஃப்.ஏ.ஏ. பழைய விமானங்களின் மின்னமைப்புகளை ஆராய ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்தது. சேவையிலிருந்து ஓய்வு பெற்ற ஆறு விமானங்களின் வயர்களை அந்தக் குழு பிரித்தெடுத்து ஆய்வுக்கூடத்தில் சோதித்தது. கண்ணால் பார்த்தபோது அகப்படாத பழுதுகள் அங்கே அகப்பட்டன. அதைவிட முக்கியமான இன்னொன்றும் தெரிந்தது. வயரைக் கெடுப்பது வயது மட்டும் அல்ல. எந்த இடத்தில் இருக்கிறது, என்ன திரவம் படுகிறது, எத்தனை பேர் கை வைத்தார்கள் என்பவையும் சேர்ந்துதான் கெடுக்கின்றன.

மெக்கர்

மின்காப்பு எவ்வளவு தாங்குகிறது என்று அளக்கும் மெக்கர், வயருக்கும் விமானத்தின் உடலுக்கும் நடுவே 500 வோல்ட் கொடுத்துக் கசிவைப் பார்க்கும். எளிமையானது, நம்பகமானது என்று பெயர். ஈரம் ஏறிய கனெக்டர், உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் வெறும் செம்பு ஆகியவற்றை உடனே காட்டிவிடும்.

ஆனால் உறையில் ஒரு வெடிப்பு இருக்கிறது, அந்த இடம் உலோகத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் இருப்பது காற்று. காய்ந்த காற்று அருமையான மின்காப்பு. 500 வோல்ட் அதைத் தாண்டாது. மெக்கர் புது வயருக்குக் காட்டும் எண்ணையே காட்டும். அதே இடத்தில் அடுத்த வாரம் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் கதை வேறு. மெக்கர் சொல்லும் நல்ல எண், அந்தப் பகல், அந்த ஹேங்கரின் ஈரப்பதம், வயர் அப்போது கிடந்த கிடப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே உரியது.

இன்னொரு விலையும் இருக்கிறது. 500 வோல்ட் கொடுக்கும் முன் இரண்டு முனையிலும் கனெக்டர்களைக் கழற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பக்கம் இருக்கும் மின்னணுப் பெட்டி போய்விடும். ஒருமுறை விட்டுவிட்டு வரும் ஒரு பழுதைத் தேடி நாங்கள் நான்கு கனெக்டர்களைக் கழற்றினோம். முதல் கனெக்டரிலேயே பழுது கிடைத்தது. சரிசெய்து எல்லாவற்றையும் மாட்டினோம். அடுத்த வாரமே சம்பந்தமில்லாத வேறொரு அமைப்பு வேலை செய்யவில்லை. மூன்றாவது கனெக்டரில் ஒரு பின், அதாவது மின்சாரம் கடத்தும் ஊசி, பின்னால் தள்ளிப் போயிருந்தது. கழற்றாமல் விட்டிருந்தால் அந்தப் பின் இன்னும் பத்து வருஷம் ஓடியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

எதிரொலிக் கருவிகள்

வயருக்குள் ஒரு மின் துடிப்பை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்துப் பழுது எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று சொல்லும் கருவி டி.டி.ஆர். முழுதாக அறுந்த வயர், முழுதாக ஷார்ட் ஆன வயர் என்றால் இதற்கு இணை கிடையாது. முப்பது மீட்டர் வயரில் எந்தப் பலகையைத் திறக்க வேண்டும் என்று ஒரே முனையிலிருந்து சொல்லிவிடும். பதினைந்து பலகை திறப்பது ஒன்றாகக் குறைகிறது. என் அளவுகோலில் இது பெரிய லாபம்.

ஆனால் தேய்மானத்தைக் கண்டுபிடிக்கவும் இதையே வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம் என்பதே. உறை பாதி தேய்ந்த இடத்தில் வயரின் மின் குணம் மிகக் கொஞ்சம்தான் மாறும். அதைவிட அதிக மாற்றம், வயர் ஓர் உலோகச் சட்டத்துக்கு அருகே வந்து விலகிப் போவதாலேயே வந்துவிடும். திரையில் தெரியும் மேடு பழுதா, சட்டமா என்று பிரித்துச் சொல்ல, அதே வயர் புதிதாக இருந்தபோது எடுத்த படம் கையில் வேண்டும். பழைய விமானங்களுக்கு அப்படிப் படம் எடுத்து வைத்தவர்கள் அபூர்வம்.

இதே குடும்பத்தில் இரண்டு வாரிசுகள் உண்டு. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரைச்சல் போன்ற சிறு சமிக்ஞையைக் கலந்து எதிரொலி கேட்கும் முறை ஒன்று, அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதில் நிறைய வேலை செய்திருக்கிறார்கள். பறக்கும்போது மட்டும் வந்து தரையில் மறைந்துபோகும் பழுதுகளுக்கு இதுதான் சரியான வழி என்று நான் நம்புகிறேன். இன்னொன்று சாண்டியா தேசிய ஆய்வகத்தில் உருவானது. ஆற்றல் குறைந்த, ஆனால் வோல்டேஜ் அதிகமான ஒரு துடிப்பை அனுப்பினால், வெடிப்பு இருக்கும் இடத்தில் அது காற்றைத் தாண்டிக் குட்டிப் பொறியாகக் குதிக்கும். அந்தப் பொறியின் எதிரொலி இடத்தைச் சொல்லிவிடும். மெக்கர் ஏமாறும் காய்ந்த வெடிப்பை இது பிடிக்கும். ஆனால் இதற்கும் கனெக்டரைக் கழற்ற வேண்டும்.

ஆக, என் வரிசை இதுதான். முதலில் கண், அதுவும் துடைத்துப் பார்க்கும் கண். பழுது இருப்பது உறுதி, இடம்தான் தெரியவில்லை என்றால் எதிரொலிக் கருவி. பழுது பார்த்து முடிந்த பிறகு சரிபார்க்க மெக்கர். குழாய்க்குள் போகும் வயருக்கு மட்டும் இந்த வரிசை செல்லாது. அங்கே உருவிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

ஒட்டு, ஒற்றை வயர், முழுக் கட்டு

இனிப் பழுது பார்ப்பது. உறையில் மேலோட்டமான கீறல், செம்பு தெரியவில்லை என்றால், அந்த உறை வகைக்குக் கையேடு அனுமதித்த டேப்போ ஸ்லீவோ சுற்றினால் போதும். உரசிய காரணத்தையும் நீக்க வேண்டும். கிளாம்பை நகர்த்தாமல் டேப் மட்டும் சுற்றினால் அடுத்துத் தேய்வது டேப்.

செம்பு தெரிந்தால் நிலைமை வேறு. எஃப்.ஏ.ஏ.-வின் 43.13 வழிகாட்டி, 19 இழை கொண்ட சிறு செம்பு வயரில் இரண்டு இழைகளில் கீறல் வரை பொறுத்துக்கொள்கிறது, அறுந்த இழை ஒன்றுகூடக் கூடாது. அலுமினிய வயரில் கீறலே கூடாது. பெரிய விமானங்களில் தயாரிப்பாளரின் வயரிங் கையேடுதான் கடைசி வார்த்தை. அந்த எல்லையைத் தாண்டினால் வெட்டி ஸ்ப்ளைஸ் போட வேண்டும், அல்லது வயரை மாற்ற வேண்டும்.

ஸ்ப்ளைஸ் என்றால் வீட்டில் முறுக்கிச் சுற்றும் இணைப்பு அல்ல. அளவுக்கேற்ற உலோகக் குழலில் இரண்டு முனைகளையும் செருகி, அளவு சரிபார்க்கப்பட்ட கிரிம்ப் கருவியால் அழுத்தி, மேலே சூட்டில் சுருங்கி ஈரத்தை அடைக்கும் உறை போடுவது. குழலின் நிறமே அளவைச் சொல்லும்: மிக மெல்லிய வயருக்குச் சிவப்பு, அடுத்து நீலம், அதைவிடத் தடித்ததற்கு மஞ்சள். ஒழுங்காகப் போட்ட ஸ்ப்ளைஸ் விமானம் இருக்கும்வரை உழைக்கும். ஒட்டு என்றாலே தரக்குறைவு என்று நினைப்பவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. மறுபடி மறுபடி கட்டைப் பிரித்து முழு வயரை உருவுவதைவிட, பத்து சென்டிமீட்டரில் முடிகிற ஒரு ஸ்ப்ளைஸ் அக்கம்பக்க வயர்களுக்குச் செய்யும் தீங்கு மிகக் குறைவு.

ஆனால் அதற்கு எல்லை உண்டு. இரண்டு கனெக்டர்களுக்கு நடுவே ஒரு வயரில் ஒரு ஸ்ப்ளைஸ்தான். ஒரே கட்டில் பல வயர்களுக்கு ஸ்ப்ளைஸ் வந்தால் முன்னும் பின்னுமாகத் தள்ளித் தள்ளிப் போட வேண்டும், ஒரே இடத்தில் வீங்கவிடக் கூடாது. எரிபொருள் அளவு காட்டும் வயர்களில் என் முதல் தேர்வு எப்போதும் மாற்றுவதுதான். 1996 ஜூலை 17 அன்று நியூயார்க்கிலிருந்து பாரிஸ் கிளம்பிய டி.டபிள்யூ.ஏ. 800 விமானத்தின் நடுத் தொட்டி வெடித்து 230 பேர் இறந்தார்கள். தொட்டிக்கு வெளியே ஏற்பட்ட ஷார்ட் சர்க்யூட்டால், எரிபொருள் அளவு காட்டும் வயர் வழியாக அதிக வோல்டேஜ் உள்ளே போயிருப்பதே மிகவும் சாத்தியமான காரணம் என்று விசாரணை சொன்னது. அந்த வயரில் போக வேண்டியது மிகச் சிறிய மின்சாரம். அதன் பக்கத்தில் எந்த வயர் படுத்திருக்கிறது என்பதும் பழுது பார்ப்பவரின் கவலைதான்.

உறை எதனால் ஆனது என்பதும் முடிவை மாற்றும். கேப்டன் எனப்படும் பாலிஇமைடு உறை மெல்லியது, எடை குறைவு, எழுபது எண்பதுகளில் ஏராளமாகப் பயன்பட்டது. ஆனால் ஈரத்தில் நாள்பட அதில் வெடிப்பு விழும். பொறி பட்டால் கரியாகும், அந்தக் கரி மின்சாரத்தைக் கடத்தும், பொறி கட்டு நெடுகப் பாயும். அதில் ஓரிடத்தில் வளைய வெடிப்பு கண்டால், அடுத்த வளைவிலும் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு அந்த நீளத்தையே மாற்றுவது நல்லது. ஒட்டுப் போட வளைக்கும்போதே புது வெடிப்பு விழும்.

முழுக் கட்டையும் மாற்றுவது மிகச் சுத்தமான தீர்வு போலத் தோன்றும், செலவு ஒன்றுதான் தடை போல. அது உண்மையில்லை. ஒரு கட்டை மாற்றுவது என்றால் நூற்றுக்கணக்கான பின்கள், புதிய கிளாம்புகள், புதிய வளைவுகள், அத்தனையிலும் புதிய தவறுக்கு இடம். 1998 செப்டம்பர் 2 அன்று கனடாவின் நோவா ஸ்கோஷியா கடலில் விழுந்த சுவிஸ்ஏர் 111, 1991-இல் செய்த எம்.டி.-11 ரக விமானம். பழைய விமானமே அல்ல. பிறகு பொருத்திய பொழுதுபோக்கு அமைப்பின் மின் வயரில் பொறி தெறித்திருக்கிறது, பக்கத்தில் எளிதில் தீப்பிடிக்கும் காப்புப் போர்வை. பைலட்டுகள் வாசனையை உணர்ந்ததிலிருந்து சுமார் 21 நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. இறந்தவர்கள் 229 பேர். வெப்பத்தில் செயல்படும் சாதாரண சர்க்யூட் பிரேக்கர், விட்டுவிட்டுத் தெறிக்கும் பொறியைக் கண்டு விழாது, ஏனென்றால் சராசரி மின்னோட்டம் அதன் எல்லைக்குள்தான் இருக்கும். புதிய வயரிலும் தவறு நேரலாம், பிரேக்கர் காப்பாற்றும் என்று இருக்க முடியாது. அதனால் முழுக் கட்டு மாற்றத்தை, விமானம் எப்படியும் பிரிந்துகிடக்கும் பெரிய பராமரிப்புச் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

2007-இல் வந்த எஃப்.ஏ.ஏ. விதிகள் வயரிங்கை ஒரு தனி அமைப்பாகவே அங்கீகரித்தன. அதுவரை ஒவ்வொரு வயரும் தான் போய்ச்சேரும் பெட்டியின் வால் போலத்தான் நடத்தப்பட்டது. என்னைப் பொறுத்தவரை எந்தக் கருவியையும்விடப் பெரிய முன்னேற்றம் அது. தீப்பிடிக்கக்கூடிய பொருளும் வயரும் சேர்ந்திருக்கும் பகுதி எது என்று முன்கூட்டியே பிரித்து, அங்கே பார்வையோடு சுத்தம் செய்வதையும் வேலையாகவே எழுதி வைக்கிறார்கள்.

சரி, கழிவறைக்கு அடியில் ஈரம் பட்ட கட்டு, ஒரு வயரில் செம்பு தெரிகிறது, கேப்டன் உறை இல்லை. என் கையில் வந்தால் முதலில் மின்சாரத்தை நிறுத்தி, கசிவை அடைப்பேன். கட்டைத் துடைத்து, பக்கத்து வயர்களை விரலால் அழுத்தாமல் கண்ணாடியில் பார்ப்பேன். அந்த ஒரு வயருக்கு ஈரம் அடைக்கும் ஸ்ப்ளைஸ், கிளாம்பிலிருந்து தள்ளி. ஏற்கெனவே அதில் ஒரு ஸ்ப்ளைஸ் இருந்தால் அந்த வயர் மட்டும் புதிது. மெக்கருக்காகக் கழற்றுவது அந்த ஒரு வயரின் இரண்டு முனைகளை மட்டுமே. மாட்டும்போது பின்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். அப்புறம் பலகையை மூடும் முன், வெட்டிப்போட்ட வயர்த் துண்டுகளை எண்ணிப் பொறுக்கி, உதிர்ந்த தூளை வாக்குவம் வைத்து உறிஞ்சி எடுப்பேன்.