ஹூஸ்டனில் கறிவேப்பிலை: தொட்டியிலா, தரையிலா?

2021 பிப்ரவரியில் ஹூஸ்டனில் குளிர் மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. அங்கே கறிவேப்பிலை வைக்க நினைப்பவர்கள் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

உறைபனி வரும் இரவு: தொட்டியை கராஜுக்குள் நகர்த்திவிடலாம்.
தரைச் செடியைப் போர்த்தத்தான் முடியும். பழைய போர்வை போதும், ஆனால் அது தரையைத் தொட வேண்டும். மண்ணிலிருந்து எழும் சூடுதான் செடியைக் காக்கிறது. இலையில் ஒட்டும் பிளாஸ்டிக் தாள் வேண்டவே வேண்டாம்.

வேர்: வெளியே விட்ட தொட்டியில் நாலு பக்கமும் குளிர் ஏறி மண் உறைந்துவிடும்.
தரையில் ஆழத்தில் சூடு உண்டு. அடியில் சருகைக் கனமாகப் பரப்பியிருந்தால், தண்டு கருகினாலும் வசந்தத்தில் துளிர்க்க வாய்ப்பு இருக்கிறது. தயவுசெய்து அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள்.

பராமரிப்பு: தொட்டிக்கு அடிக்கடி தண்ணீர், உரம். தரையில் வேலை குறைவு, இலை அதிகம்.

ஒரே செடி, கராஜும் உண்டு என்றால் தொட்டிதான் சரி. வெயில் படும் தெற்குச் சுவரோரம் இடமிருந்தால் தரையில் வையுங்கள். அப்புறம் தரைச் செடி கருகினாலும் கைகொடுக்க, வேரடியில் முளைக்கும் கன்று ஒன்றைத் தொட்டியில் எடுத்து வையுங்கள்.