காக்கி புக்கிட்டில் ஒரு கார் கூரைப் பட்டறை: தேய்ந்ததை மட்டும் மாற்றித் தருகிறார்கள்

இரும்புக் கூரை மடங்கும் கன்வெர்ட்டிபிள் வைத்திருப்பவர்களுக்கு சிங்கப்பூரில் இன்ஜின் ஒரு கவலையே இல்லை. அதைப் பார்க்க சின் மிங்கிலிருந்து ஊபி வரை எத்தனையோ பட்டறைகள் உண்டு. கூரை பாதியில் நின்றால்தான் வயிற்றைக் கலக்கும். பல இடங்களில் கைவைக்கவே மாட்டார்கள். கைவைப்பவர்களும் "ஃபுல் செட் மாத்தணும்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். காக்கி புக்கிட்டில் உள்ள ஒரு சின்னப் பட்டறை அப்படிச் சொல்லவில்லை. எது தேய்ந்திருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, அதை மட்டும் சரிசெய்து கொடுத்தார்கள். ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டிப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

என்னுடையது 2008-ல் பதிவான பென்ஸ் எஸ்எல்கே 200, ஆர்171 வரிசை. 2018-ல் சிஓஇயை, அதாவது கார் வைத்திருப்பதற்கான உரிமச் சான்றிதழை, பத்து வருடத்துக்குப் புதுப்பித்தேன். இந்த வயதுக் காருக்கு சாலை வரி ஒன்றரை மடங்கு, வருடா வருடம் இன்ஸ்பெக்‌ஷன் வேறு. இவ்வளவும் கட்டி வைத்திருப்பதற்கு ஒரே காரணம் அந்தக் கூரை. பட்டனை அழுத்திப் பிடித்தால் 22 விநாடியில் கூரை மடங்கி, பின்னால் சாமான் வைக்கும் பூட் பகுதிக்குள் போய்விடும். இரவு பத்து மணிக்கு மேல் ஈசிபி விரைவுச்சாலையில் கூரையைத் திறந்துவிட்டுக் கடல் காற்றோடு போவது எனக்கு அவ்வளவு பிடிக்கும். அது வேலை செய்யாவிட்டால் இந்தக் காரை வைத்திருப்பதில் அர்த்தமே இல்லை.

பிரச்சினை மெதுவாகத்தான் தொடங்கியது. மூடும்போது கூரையின் முன்பக்கக் கொக்கிகள் கண்ணாடிச் சட்டத்தின் துளைகளில் இறங்காமல் ஓரத்தில் இடித்தன. விட்டுவிட்டு மறுபடி அழுத்தினால் இறங்கிவிடும். அப்புறம் ஒரு நாள், தீபாவளி விளக்கு பார்க்க வீட்டில் எல்லோரும் சிராங்கூன் ரோட்டுக்கு வந்திருந்தபோது, கார்பார்க்கில் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. பூட் மூடி அண்ணாந்து நிற்கிறது, கூரை அந்தரத்தில் நிற்கிறது, மேலே வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. பம்ப்பில் உள்ள வால்வைத் திறந்து அழுத்தத்தை இறக்கி, நானும் மச்சானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மூடினோம்.

முதலில் போனது வேறொரு பட்டறை. ஸ்கேனரை மாட்டினார்கள். கூரையின் நிலையைச் சொல்லும் சென்சார் ஒன்றில் கோளாறு என்று திரையில் வந்தது. சென்சாரை மாற்றி, காசு வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். சில நாட்களில் அதே இடத்தில் அதே மாதிரி நின்றது. திரும்பப் போனபோது, நெம்புகோல், ஹைட்ராலிக் சிலிண்டர் எல்லாவற்றையும் மொத்தமாக மாற்ற வேண்டும் என்று 7,000 வெள்ளிக்கு மேல் விலை சொன்னார்கள். அதுவரை உள்ளே இருக்கும் அட்டையைக்கூட யாரும் கழற்றிப் பார்த்திருக்கவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது அந்த இடத்தில்தான். எனக்கு விமானப் பராமரிப்பில் வேலை. கண்ணால் பார்க்காத பாகத்தை மாற்றச் சொல்லி எங்கள் வேலையில் யாரும் கையெழுத்துப் போட முடியாது.

இந்த மாதிரிக் கூரையில் கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் அந்தந்த இடத்து சென்சார் "வந்தாச்சு" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் அடுத்த கட்டம். சொல்லாவிட்டால் பம்ப் நின்றுவிடும். சென்சார் கெட்டதா, அல்லது சென்சார் நன்றாக இருந்து கூரையைத் தாங்கும் கை அதுவரை வந்து சேரவில்லையா என்று ஸ்கேனருக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. அதை மனிதன்தான் பார்க்க வேண்டும்.

காக்கி புக்கிட் பட்டறையை வேலையிடத்து நண்பர் ஒருவர் சொன்னார். தவுக்கே, அதாவது முதலாளி, அறுபதைத் தாண்டிய சீனர், அதிகம் பேச மாட்டார். கூரை வேலை முழுக்கப் பார்ப்பது ஜொகூர் பாரு மாசாயிலிருந்து தினமும் பைக்கில் காஸ்வே தாண்டி வரும் ஒரு தமிழ்த் தம்பி. முப்பது வயது இருக்கலாம். அவர் ஸ்கேனரை எடுக்கவே இல்லை. முதலில் பாட்டரிக்கு சார்ஜர் மாட்டினார். ஹைட்ராலிக் பம்ப் நிறைய மின்சாரம் இழுக்கும், பாட்டரி தளர்ந்திருந்தால் அதனாலேயே கூரை நின்று ஆளை ஏமாற்றும். பிறகு கூரையைப் பாதி மூடி நிறுத்தி, முன் விளிம்புக்கும் கண்ணாடிச் சட்டத்துக்கும் நடுவே இடது பக்கம் எவ்வளவு, வலது பக்கம் எவ்வளவு என்று அளந்தார். இடது பக்கம் தெளிவாகப் பின்தங்கியிருந்தது. கூரையின் இடது கையைப் பிடித்து மேலும் கீழும் லேசாக அசைத்தார். 'டக்' என்று ஒரு சத்தம். "அண்ணே, சென்சார் பொய் சொல்லல. கை போய்ச் சேரலே" என்றார்.

அட்டைகளைக் கழற்றியதும் விஷயம் வெளியே வந்தது. இந்த வரிசையில் கூரை மடங்கும்போது பின் கண்ணாடி தனியாகச் சுழன்று, கூரையின் வளைவோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். 1996-ல் வந்த முதல் எஸ்எல்கேயில் இது இல்லை, 2004-ல் வந்த இந்த வரிசையில் சேர்த்தார்கள். பூட் பகுதியில் இடம் மிச்சமாவது அதனால்தான். ஆனால் அதற்கேற்ப மூட்டுகளும் கூடின. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு எஃகுப் பின், அதைச் சுற்றி புஷ் என்னும் ஒரு மெல்லிய குழல். இடது பக்க மூட்டில் புஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்து, எஃகுப் பின் நேராகக் கையின் இரும்பில் உரசிக்கொண்டிருந்தது.

தம்பி பின்னை வெளியே எடுத்து, துணியால் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். "நகத்தை வச்சு இழுத்துப் பாருங்க அண்ணே." பார்வைக்குப் பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது. நகத்தை நீளவாக்கில் ஓட்டினால் நடுவில் ஓரிடத்தில் தட்டியது. அந்த இடத்தில் ஒரு படி விழுந்திருக்கிறது. திருப்பி எதிர்ப்பக்கம் ஓட்டினால் வழவழவென்று போகிறது. ஒரு பக்கம் மட்டும் பாரம் தாங்கித் தேய்ந்த எஃகுப் பின் அப்படித்தான் இருக்கும். அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆனால் மூட்டுக்குப் பக்கத்தில் அரை மில்லிமீட்டர் ஆட்டம் என்றால், கையின் மறுமுனையில் அது பல மில்லிமீட்டராகப் பெருகும். கீல் தேய்ந்த கதவு கைப்பிடிப் பக்கம் தொங்குவது போலத்தான். கொக்கி துளையில் இறங்காததும், கை சென்சாருக்கு எட்டாததும் இந்த ஒரே தேய்மானத்தால்தான்.

அந்த புஷ் தனியாக விலைக்குக் கிடைக்கவில்லை, முழு அசெம்பிளியாகத்தான் வாங்க வேண்டுமாம். இங்கேதான் இந்தப் பட்டறை மற்றவர்களிடமிருந்து வேறுபடுகிறது. பக்கத்து யூனிட்டில் லேத் வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்து, வெண்கலத்தில் புஷ் கடைந்து வாங்கினார்கள். பின்னையும் புதிதாகச் செய்தார்கள். வலது பக்கம் இன்னும் அவ்வளவு தேயவில்லை. ஆனாலும் இரண்டு பக்கமும் சேர்த்தே செய்யச் சொன்னார் தம்பி. ஒரு பக்கம் இறுக்கமும் மறுபக்கம் தளர்வுமாக இருந்தால் கூரை திரும்பவும் கோணிக்கொள்ளும் என்றார். சரியான பேச்சு. வெண்கலம் பற்றி எனக்கு ஒரே ஒரு யோசனை இருந்தது. கம்பெனி புஷ் கிரீஸ் இல்லாமலே ஓடும், வெண்கலத்துக்கு அவ்வப்போது கிரீஸ் வைக்க வேண்டும். அதை நான் கேட்கும் முன்பே, வருடத்துக்கு ஒரு தடவை எங்கே எப்படி வைப்பது என்று காட்டிக்கொடுத்தார்.

இடது பக்க சிலிண்டரின் வாயில் எண்ணெய்க் கசிவும் இருந்தது. இந்த வயதுக் கார்களில் இது எதிர்பார்க்க வேண்டியதுதான். எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீலில் உள்ள பாலியுரித்தேன் சூட்டிலும் ஈரத்திலும் இருந்து இருந்து நாளடைவில் உதிர ஆரம்பிக்கும், நம் ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை. சிலிண்டரைப் பிரித்தபோது பழைய சீல் விரலில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வந்தது. சிலிண்டரின் தண்டில் கீறல் இல்லை. அதனால் சிலிண்டரை மாற்றாமல் சீல்களை மட்டும் மாற்றினால் போதும். தண்டில் கீறல் இருந்தால் புது சீலையும் அது கிழித்துவிடும், அப்போது சிலிண்டரையே மாற்ற வேண்டியதுதான். இதை விளக்கில் காட்டிப் புரிய வைத்தார்.

எந்த சீல் போடுகிறீர்கள் என்று கேட்டேன். 'விட்டான்' (Viton) ரப்பர் என்றார். எனக்கு நிம்மதி. விமானங்களில் ஓடும் ஸ்கைட்ரால் எண்ணெய்க்கு இபிடிஎம் ரப்பர்தான் சரிப்படும். அதே இபிடிஎம்மை இந்தக் காரின் மினரல் எண்ணெயில் வைத்தால் ஊதிப்போய் மாட்டிக்கொள்ளும். அளவு பொருந்துகிறது என்று ஏதோ ஒரு ஓ-ரிங்கை எடுத்துப் போடுகிறவர்கள் உண்டு. இவர்கள் பொருள் பார்த்துப் போடுகிறார்கள். எண்ணெயும் பென்ஸ் ஹைட்ராலிக்குக்கு என்று வரும் எண்ணெய்தான், டப்பாவைத் திறக்கும் முன் காட்டினார்கள். கியர் எண்ணெய் ஊற்றினாலும் ஓடும் என்று சொல்பவர்களிடம் காரைக் கொடுக்காதீர்கள்.

கேட்காமலேயே செய்த வேலைகளும் உண்டு. பூட் மூடியின் கீல் வழியாக ஒரு வயர்க்கட்டு போகிறது. மூடி ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அது மடங்குகிறது. இரண்டு வயர்களில் மேல்தோல் வெடித்திருந்தது. நன்றாக வளையக்கூடிய வயராக வைத்து இணைத்துக் கட்டினார்கள். தண்ணீர் இறங்கும் வடிகுழாய்களிலிருந்து ஒரு கை நிறைய மக்கிய இலையை எடுத்தார்கள். எங்கள் புளோக்கின் திறந்தவெளிக் கார்பார்க்கில் தூங்குமூஞ்சி மரத்தின் கீழ்தான் நிறுத்துகிறேன். அதன் பொடி இலை எங்கே வேண்டுமானாலும் புகுந்துவிடும். குழாய் அடைத்தால் தண்ணீர் உள்ளே தேங்கி வயர், மோட்டார் என்று ஒவ்வொன்றாகக் கெடுக்கும். கூரை மடங்கும் எந்தக் கார் வைத்திருந்தாலும் இதை மட்டுமாவது தவறாமல் சுத்தம் செய்யுங்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. வாட்ஸ்அப்பில் கேட்டால் பதில் வர ஒரு நாளுக்கு மேல் ஆகும். சொன்ன தேதியில் வேலை முடியவில்லை, லேத் வேலைக்காகக் காத்திருந்ததில் ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனது. அதை நானே கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முன்கூட்டி ஒரு வரி அனுப்பியிருக்கலாம். மாற்றுக் கார் தர மாட்டார்கள். உட்கார இடம் கிடையாது, கீழே உள்ள காப்பிக்கடைக்குத்தான் போக வேண்டும். கார்டு எடுப்பதில்லை, பேநவ் அல்லது ரொக்கம். காரை எடுத்து வந்த பிறகு பின்பக்க அட்டை ஒன்று மேடுபள்ளத்தில் கடகடவென்று ஆடியது. திரும்பக் கொண்டுபோனேன், உடைந்திருந்த கிளிப்பை அப்போதே மாற்றிக் கொடுத்தார்கள், காசு கேட்கவில்லை. ஆனால் முதல் தடவையே கவனித்திருக்க வேண்டியது அது.

மொத்தம் 2,000 வெள்ளிக்குக் கொஞ்சம் மேலே ஆனது. பில்லில் ஒவ்வொரு பாகமும் தனித்தனியாக எழுதப்பட்டிருந்தது. கழற்றிய எஃகுப் பின், புஷ், பழைய சீல் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். விலையைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது அந்தப் பைதான். என்ன தேய்ந்தது, எதற்குக் காசு கொடுத்தோம் என்பது கண்ணெதிரே இருக்கிறது.

டிசம்பர், ஜனவரி மழை முழுக்க ஓடியாயிற்று. கொக்கிகள் ஒரே மூச்சில் இறங்குகின்றன. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சிலிண்டர் வாயில் வெள்ளைத் துணி வைத்து அடிக்கடி துடைத்துப் பார்க்கிறேன், எண்ணெய்க் கறை இல்லை.

பட்டறையின் பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று தவுக்கே கேட்டுக்கொண்டார். கூரை வேலைக்குத் தம்பி ஒருவர்தான், இப்போதே வரிசையில் கார்கள் நிற்கின்றன. உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள் தனியாகச் செய்தி அனுப்புங்கள், சொல்கிறேன். போகும் முன் பூட் பகுதியைக் காலி செய்து, உள்ளே சாமான்களை மறைக்கும் திரையை இழுத்து மாட்டிப் பாருங்கள். அது மாட்டப்படாவிட்டால் இந்தக் கூரை அசையவே அசையாது, அது கோளாறும் இல்லை. கூரை எந்த இடத்தில் நிற்கிறது என்று இரண்டு பக்கத்திலிருந்தும் வீடியோ எடுத்து அனுப்பினால் தம்பி பார்த்துவிட்டுத்தான் நேரம் கொடுப்பார். நவம்பருக்கு முன்பே கேட்டுவிடுங்கள், மழை தொடங்கியதும் எல்லோரும் அங்கேதான் வந்து நிற்பார்கள்.