சிபில் மதிப்பெண்ணை உயர்த்தித் தருவதாகச் சொல்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள்

திருப்பூரில் சிறிய தையல் யூனிட் நடத்தும் என் தங்கையின் கணவரிடம், கடன்களை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்பதைக் காட்டும் சிபில் மதிப்பெண்ணைச் சரிசெய்து தருவதாகச் சொல்லி ஒரு நிறுவனம் 15,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஏமாற்றியிருக்கிறது. வீட்டுக் கடனுக்காக வங்கிக்கும் முகவர்களுக்கும் இடையே அலைந்துகொண்டிருப்பவர்கள் இதே ஆட்களிடம் சிக்கிவிடக் கூடாது என்பதற்காக நடந்ததை எழுதுகிறேன்.

அவருடைய விண்ணப்பம் 'மதிப்பெண் குறைவு' என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தது. எந்தக் கணக்கால் குறைந்தது என்பதை வங்கியில் யாரும் விளக்கவில்லை. விண்ணப்பத்தை வாங்கிச் சென்ற கடன் முகவரே, இதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள் என்று அந்த நிறுவனத்தின் எண்ணைக் கொடுத்தார். அவர்கள் பான், ஆதார் நகல்களை வாட்ஸ்அப்பில் பெற்றார்கள். கைப்பேசிக்கு வந்த ஓடிபியையும் கேட்டு வாங்கினார்கள். வாங்கிய கடன்களும் அவற்றைக் கட்டிய விவரமும் அடங்கிய கடன் அறிக்கையை நீங்களாகத் திறந்து பார்த்தால் மதிப்பெண் இன்னும் இறங்கிவிடும் என்று பயமுறுத்தியும் வைத்தார்கள். இது முழுப் பொய். நாம் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது வங்கியோ நிதி நிறுவனமோ அறிக்கையை எடுப்பதுதான் விசாரணையாகப் பதிவாகி மதிப்பெண்ணைப் பாதிக்கக்கூடுமே தவிர, நம்முடைய அறிக்கையை நாமே எத்தனை முறை பார்த்தாலும் ஒரு புள்ளிகூடக் குறையாது. அறிக்கையைப் படித்துவிட்ட ஒருவர் இவர்களைத் தேடி வரமாட்டார் என்பதால்தான் அந்தப் பொய் இவர்களுக்குத் தேவைப்படுகிறது.

சில வாரங்கள் கழித்து, 780 என்ற மதிப்பெண் பளிச்சென்று தெரியும்படி ஒரு பிடிஎஃப் வந்தது. வங்கி அதைப் பொருட்படுத்தவே இல்லை, ஏனென்றால் வங்கிகள் இந்த அறிக்கைகளைத் தயாரிக்கும் கடன் தகவல் நிறுவனத்திடமிருந்து அறிக்கையை நேரடியாக எடுத்துக்கொள்கின்றன. அப்படி எடுத்த அறிக்கையில் மதிப்பெண் பழையபடியே இருந்தது. பிடிஎஃப்பில் எண்ணை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். அதை உண்மையென்று நம்பி வங்கியில் கொடுப்பவர்மீதே போலி ஆவணம் கொடுத்த பழி விழக்கூடும் என்பதை நினைத்தால் இன்றும் கோபம் அடங்கவில்லை.

அதன் பிறகு அறிக்கையை நாங்களே எடுக்க முயன்றோம். டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று இந்தியாவில் நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் உள்ளன. ரிசர்வ் வங்கி 2016இல் பிறப்பித்த உத்தரவின்படி, 2017 ஜனவரி முதல் இவை ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையையும் மதிப்பெண்ணையும் இலவசமாகத் தர வேண்டும். தளத்துக்குள் நுழைந்ததும் கட்டணத் திட்டங்கள் கண்ணில் படலாம். இலவச அறிக்கைக்கான இணைப்பைத் தேடி அதன் வழியாகவே செல்லுங்கள். எங்களுக்கு அங்கேயும் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. அந்த ஆட்கள் தங்களுடைய மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து மைத்துனர் பெயரில் ஏற்கெனவே கணக்குத் தொடங்கியிருந்தார்கள். நம் அறிக்கையை யாராவது எடுத்தால் குறுஞ்செய்தி அல்லது மின்னஞ்சல் வழியாக நமக்குத் தகவல் வர வேண்டும் என்பது விதி. அந்த மின்னஞ்சல் யாரோ ஒருவருடைய பெட்டிக்குப் போகும் நிலையில் இருந்தது. அடையாளச் சான்றுகளைக் கொடுத்து முகவரியை மாற்றிய பிறகே அறிக்கை கைக்கு வந்தது.

அதில் அவர் வாங்கவே இல்லாத ஒரு கைப்பேசித் தவணைக் கடன் இருந்தது. அறிக்கையில் ஒவ்வொரு கணக்குக்கும் கீழே கடந்த 36 மாதங்களின் கட்டண வரலாறு மாதவாரியாக அச்சாகியிருக்கும். தவணை எத்தனை நாள் தாமதமானது என்பதை அந்தக் கட்டங்கள் காட்டும். இந்தக் கணக்கில் நாள்கள் ஏறிக்கொண்டே போய், கடைசியில் வாராக்கடனாகத் தள்ளுபடி செய்யப்பட்டதாகக் குறிக்கப்பட்டிருந்தது. 15,000 ரூபாய்க்கு அந்த ஆட்கள் செய்த ஒரே வேலை, அறிக்கையில் தவறு இருக்கிறது என்று யாரும் காசில்லாமல் செய்யக்கூடிய ஆட்சேபத்தை எந்த ஆதாரமும் இணைக்காமல் பதிவு செய்ததுதான். கடன் கொடுத்ததாகச் சொல்லும் நிதி நிறுவனம் 'தகவல் சரியே' என்று பதிலளித்ததும் ஆட்சேபம் முடித்துவைக்கப்பட்டிருக்கிறது. அந்த நிறுவனம் ஒப்புக்கொள்ளாமல் கடன் தகவல் நிறுவனம் தானாக எதையும் திருத்தாது. அப்படியிருக்க, இடையில் நிற்கும் மூன்றாம் நபரால் மதிப்பெண்ணை எப்படி உயர்த்த முடியும்?

நிதி நிறுவனத்தின் கிளையில் எங்களைக் கண்ணியமாக நடத்தவில்லை. கடனைக் கட்டிவிட்டுப் பேசுங்கள் என்றார்கள். ஆகவே அதன் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் முறையிட்டு, கடன் ஒப்பந்தம், விண்ணப்பத்தில் ஒட்டிய படம், கையொப்பம் ஆகியவற்றின் நகல்களைக் கேட்டோம். காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் நகலையும் இணைத்தோம். வந்த நகலில் இருந்த படம் வேறொருவருடையது. இத்தகைய புகாரை 30 நாள்களுக்குள் தீர்க்க வேண்டும், தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதைக் கடிதத்தில் குறிப்பிட்ட பிறகே பதிலில் வேகம் தெரிந்தது. பதில் வராமலோ திருப்தி இல்லாமலோ போனால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்; 2022 செப்டம்பர் முதல் கடன் தகவல் நிறுவனங்களும் அந்தத் திட்டத்துக்குள் வந்துவிட்டன. விவரம் கேட்க 14448 என்ற எண் உண்டு.

கணக்கு ஓர் அறிக்கையிலிருந்து நீங்கிய பிறகும் மற்றொரு நிறுவனத்தின் அறிக்கையில் அப்படியே நின்றதால், நான்கையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்து, இருந்த இடத்தில் மறுபடியும் ஆட்சேபம் பதிவு செய்தோம். ஏமாற்றியவர்கள்மீது 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறோம். பணம் இன்னும் திரும்பவில்லை, அவர்களுடைய எண்ணும் அணைத்தே இருக்கிறது. வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய ரசீது, அந்தப் போலிப் பிடிஎஃப் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருந்ததால்தான் புகாரை ஏற்கச் செய்ய முடிந்தது. எனவே இப்படி ஏமாற்றப்பட்டவர்கள் எதையும் கைப்பேசியிலிருந்து நீக்கிவிடாதீர்கள்.